பாய் கண்ணால் படித்த கதை

பாய் படித்தால் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் கண்ணில் நீர் வரும். ஓர் ஆடித் தள்ளுபடிக்கு அவர் பேசிக் கொடுத்த குரல், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத் தேரடித் தெருவில் வந்துகொண்டிருந்தது. "குடும்பத்தோடு வாருங்கள்" என்றது. குடும்பத்தோடு எங்காவது போய் வெகுநாளாகிவிட்ட நான், கையில் கத்தரிக்காய்ப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டுப் போனார். அது துணிக்கடையின் குரல்தான், தெரியும். தெரிந்தும் நின்றேன். குரல் என்றால் அப்படி ஒரு குரல்.

இந்த ஊரில் சர்க்கஸ் வந்தாலும், பொருட்காட்சி வந்தாலும், குடிநீர் வரி கட்டச் சொன்னாலும் பாய்தான் சொல்வார். முன்பு ஆட்டோவிலேயே உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டு போவார். இப்போது வீட்டில் பதிவு செய்து பென்டிரைவில் கொடுத்துவிடுகிறார். அதனால் ஒரே நேரத்தில் மூன்று தெருக்களில் அவர் பேசிக்கொண்டிருப்பார், அவர் மட்டும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை, மூன்று பேர். பாய், மாஸ்டர், நான். மாஸ்டர் கணக்கு டியூஷன் நடத்துகிறவர். அவருடைய மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, சனிக்கிழமை எழுதிய சமன்பாடு பலகையில் அழியாமல் நிற்க, ஞாயிறு மதியம் கூடுவோம். நான் ஊர் ஓரம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவள். ஐம்பதைத் தொட்டுவிட்டேன். வசனகவிதை எழுதுவேன். ஒரு வரி எழுதினால் எழுந்து நடப்பேன், நடந்தால் இன்னொரு வரி வரும், அது முதல் வரியைப் பொய்யாக்கும். அப்படி ஓர் உடம்பு, அப்படி ஒரு புத்தி. எங்கள் மூவருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்றுதான்: மூவரும் திரைக்கதை எழுதுகிறோம். சினிமா ஆட்களில் யாரையும் எங்களுக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு வேண்டிய காட்சிகளை வெள்ளைத் தாளில் எழுதி, கடையில் ஸ்பைரல் போட்டு, ஒருவர் மற்றவரிடம் காட்டி, "எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எப்படி?" என்று கேட்பதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. மாஸ்டர் கண்டுபிடித்த முறை. எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. படிக்கும்போது வாயைத் திறக்கவும் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. பாய் உரக்கப் படிப்பார், தன் கதையை மட்டும் அவரே படிக்க அவருக்கு விலக்கு உண்டு. கேட்கிறவர் கையில் ஒரு பிரதியும் பென்சிலும் இருக்கும். எந்த இடத்தில் மனசு கதையை விட்டு டீயை நினைக்கிறதோ அந்த இடத்தில் ஓரத்தில் 'டீ' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

"நல்லாருக்கு, நல்லால்லனு சொல்றதுல பொய் கலந்துடும்மா," என்பார் மாஸ்டர். "டீ நெனப்புல பொய் கலக்காது."

பாயின் கதையில் மட்டும் டீ நிறைய விழும். ஒரு சண்டை முடிந்து தூசி அடங்குவதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும். அந்தக் குரலாலும் காப்பாற்ற முடியாத எழுத்து ஊரிலேயே அவருடையது ஒன்றுதான் என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். "வில்லனுக்கு வீட்ல வேல வெட்டி இல்லியா பாய்?" என்று நான் கேட்பேன். பாய் கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் ஒரு சண்டையைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துரத்தலை வைத்துக்கொண்டு வருவார்.

என் கதையில் டீயே விழுந்ததில்லை.

என் கதை இது. ஒரு அம்மா. அவள் மகன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, காவி கட்டிக்கொண்டு, எங்கள் ஊரான திருவண்ணாமலையில் இருப்பதாக யாரோ சொல்ல, அவள் பஸ் ஏறி வருகிறாள். ஒரு லாட்ஜில் தங்கி, கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கும் சாமியார்களில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறாள். தாடிக்குள் மகனைத் தேடுகிறாள். மூன்று வருடமாக அதை எழுதினேன். அலுவலகத்திலும் எழுதினேன், சுற்றுவட்டச் சாலையில் ஸ்கூட்டியை நிறுத்தியும் எழுதினேன். அதில் இப்படியெல்லாம் இருந்தது: "அவள் அமர்கிறாள். மலை அவளைப் பார்க்கிறது. அவள் மலையைப் பார்க்கவில்லை. மலைக்கு அதில் வருத்தமில்லை."

பாய் இதைப் படிப்பார். 'மலைக்கு' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். 'அதில் வருத்தமில்லை' என்பதை இறக்கி, மிக இறக்கி, கிணற்றுக்குள் வாளி விடுவதுபோல் விடுவார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எழுதிய நானே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பென்சில் மேசையில் கிடக்கும். இப்படி எத்தனையோ ஞாயிறு.

அப்போதுதான் ஓர் இயக்குநர் வருவதாகத் தகவல் வந்தது. மாஸ்டரிடம் முன்பு படித்த ஒருவருக்குத் தெரிந்தவர், ஒரு படம் எடுத்து வெளியிட்டவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளைப் படப்பிடிப்புக்குப் பார்க்க வருகிறார், திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்பார். சினிமாவில் கதையைத் தாளில் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், சொல்ல வேண்டும். சொல்கிற விதத்தில்தான் இருக்கிறது எல்லாம். ஊருக்கே தெரிந்த விஷயம் இது.

"பாய் சொல்லட்டும்," என்றார் மாஸ்டர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குச் சொல்ல வராது. படபடவென்று பேசுவேன், மூச்சு வாங்கும், பாதியில் எழுந்து நடப்பேன்.

பாய் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். "டைரக்டரு காதுல நம்ம குரல் ஒரு தடவ வுழட்டும்க்கா," என்றார். "படத்துக்கு ஆரம்பத்துல ஒரு குரல் வருமில்ல, 'இது ஒரு ஊரின் கதை'னு, அந்த மாதிரி. அதுக்காச்சும் கூப்புடுவாரு." வீட்டில் சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையை அயர்ன்காரரிடம் அப்போதே கொடுத்துவிட்டார். பயிற்சிக்காக என் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனார். அதுவரை எந்தக் கதையையும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. ஞாயிறு வருவார், கையில் கொடுப்போம், படிப்பார், போவார்.

அந்த வாரத்தில்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டது.

ஒரு வேலைநாள் மதியம், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் இருக்கிறேன், வர முடியுமா என்று போனில் எழுதி அனுப்பியிருந்தார். போனேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, உள்ளே பஞ்சு வைத்து, எதிரே ஆறிப்போன பாலோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் என் ஸ்பைரல் புத்தகம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றார். குரலே இல்லை. பல் பிடுங்கிய யாரோ ஒருவர் பேசுவதுபோல் கொழகொழவென்று இருந்தது.

"டாக்டர் பேசக் கூடாதுன்னாரு இல்ல? ரெண்டு நாள் கழிச்சு வர்றதுக்கென்ன பாய்?"

"அதுக்குள்ள தைரியம் போயிடும்."

புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஓரம் முழுக்கப் பென்சில். டீ. டீ. டீ. பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும்.

"இன்னா பாய் இது, இவ்ளோவா?"

"கம்மியா போட்டிருக்கேங்க்கா. நடுவுல முனை ஒடஞ்சிடுச்சு."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"இத்தன நாளும் வாயால படிச்சேன். ஒரு தடவகூட கண்ணால படிக்கல. பேசாதன்னு சொன்னதால படுத்துக்கினு கண்ணால படிச்சேன். ஒண்ணுமே நடக்கலக்கா. அந்தம்மா நிக்குது. ஒக்காருது. மலை பாக்குது. மறுபடி நிக்குது."

"மாஸ்டர் அழுதாரு பாய். ஒவ்வொரு தடவையும் அழுதாரு. நானே அழுதேன்."

"அழுதீங்க. என் குரலுக்கு அழுதீங்க." கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வலித்திருக்க வேண்டும். "கதைக்கு அழல. எனக்கு பெருமதான், இல்லனு சொல்லல. ஆனா இந்த வரி, மலைக்கு வருத்தமில்லன்னு எழுதிக்கீறீங்களே, இத தியேட்டர்ல யாரு படிப்பாங்க? மலையதான் காட்ட முடியும். வருத்தமில்லாத மலைய எப்டிக்கா காட்டறது? வருத்தம் இருந்தாலும் அது அப்டியேதான இருக்கும்? ஒவ்வொரு தியேட்டர்லயும் நான் போயி நின்னு படிக்க முடியுமா?"

"உங்க வில்லனுங்கள எத்தன மாசம் பொறுமையா கேட்டிருப்பேன்," என்றேன்.

"பொறுமையாவா? தூங்கினீங்க."

"தூங்கற மாதிரி எழுதினீங்க!"

"அதான்க்கா," என்றார், அடி வாங்கிக்கொண்ட முகத்தோடு, ஆனாலும் நகராமல். "என்னுது தூங்கற மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னீங்க. உங்களுது நல்லால்லனு உங்களுக்கு யாருமே சொல்லல. நான் படிச்சதால சொல்லல." பிறகு பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்க மட்டும் டீ இல்ல. மொட்டமாடி. இத எப்ப எழுதினீங்க?"

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து அலுவலகத்துக்குள் போய்விட்டேன். அவரைப் பாலோடு அங்கேயே விட்டுவிட்டு. அன்றைக்கு வந்த மனுக்காரர்களிடம் நான் எப்படிப் பேசினேன் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறாமை என்று நினைத்தேன். குரலை வைத்துக்கொண்டு என்னை மிரட்டுகிறார் என்று நினைத்தேன். சுற்றுவட்டச் சாலையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே, வாய்விட்டு, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் காற்றிடம் சொன்னேன். நல்ல பதில்கள். ஒன்றில்கூடக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பது, வண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பாய் வரவில்லை. மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்க படிங்க மாஸ்டர்," என்றேன்.

மாஸ்டர் படித்தார். ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது என்று கணக்கு படிப்பதுபோல் படித்தார். "அவள் அமர்கிறாள் மலை அவளைப் பார்க்கிறது அவள் மலையைப் பார்க்கவில்லை மலைக்கு அதில் வருத்தமில்லை அடுத்த காட்சி." விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை. கூரையில் வெயில் சுட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கீழே மாஸ்டர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. டீ போடுகிறார்கள் போலிருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி போடச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

நினைத்தவள் எழுதியவள். என் கையாலேயே ஓரத்தில் 'டீ' என்று போட்டேன்.

பிறகு மொட்டைமாடிக் காட்சி வந்தது. அலுவலகத்தில் ஆய்வு நடந்த நாளில், அவசரத்தில், கவிதைக்கு நேரமில்லாமல் எழுதிய காட்சி அது. லாட்ஜ் மாடிக் கொடியில் சாமியார்கள் துவைக்கக் கொடுத்த காவி வேட்டிகள் காய்கின்றன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, நீளம் பார்க்கிறாள். லாட்ஜில் துணி துவைக்கிறவள் ஓடி வருகிறாள்.

"சாமியார் வேட்டிம்மா, கை வெக்காத."

"கட்டிக்கறவன்தான் சாமியாரு. வேட்டிக்கு இன்னா வந்துச்சு?" என்கிறாள் அம்மா. "இது ஏதோ குள்ளனுது. என் பையன் நல்லா ஒசரம்."

கணக்குப் படிக்கிற குரலிலேயே மாஸ்டர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அடப்பாவமே," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார், அவள் அந்தப் பெஞ்சில் எங்கேயோ உட்கார்ந்திருப்பதுபோல.

அன்றைக்கே பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்கக்கா, நாலஞ்சு நாளா சோறே எறங்கல இவுருக்கு," என்றார்.

"பல்லு வலியா?"

"பல்லு சரியாயிடுச்சு. உங்க கிட்ட சொல்லிட்டு வந்ததுலேந்துதான்."

பாய் உள்ளேயிருந்து வந்தார். மன்னிப்பு கேட்பாரோ என்று பயந்தேன், கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அவர் கேட்கவில்லை. "இன்னும் நாள் கெடக்குதுக்கா," என்றார். "வெட்டுங்க."

வெட்டினேன். கண்ணுக்குத் தெரியாதது, காதுக்குக் கேட்காதது எதுவும் தாளில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். என் எழுத்தில் பாதிக்கு மேல் போயிற்று. போன ஒவ்வொரு வரியும் எனக்குப் பிள்ளை. ஒரு வரியை மட்டும் விட முடியவில்லை. மலைக்கு வருத்தமில்லை என்பதை நாள்கணக்கில் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒரு விடியற்காலை கிரிவலப் பாதையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். என் கதை அம்மா மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து, தொன்னையில் பொங்கல் சாப்பிட்டபடி, வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால்? வீட்டுக்கு ஓடிப்போய் அதை எழுதினேன். 'மலை' என்ற சொல்லே அந்தக் காட்சியில் வரவில்லை. மலை முழுசாக இருந்தது.

பாய் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பதைத்தான் எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால், பல் ஆறியதும் இயக்குநர் முன் உட்கார்ந்து அந்தக் குரலில் படித்திருப்பார். இயக்குநர் என்னை மறந்துவிட்டு அவரைக் கூட்டிப்போயிருப்பார். அவருக்கு வேண்டியது அதுதான். அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வீங்கிய கன்னத்தோடு பஸ் ஏறி வேங்கிக்காலுக்கு வந்து, எனக்குக் கோபம் வருமென்று தெரிந்தே, பென்சில் குறிகளை என் முன்னால் விரித்திருக்கிறார். நான் எழுதியதை அவரளவுக்கு மதித்து யாரும் படித்ததில்லை.

இயக்குநர் வரும் நாளுக்கு முந்தின வாரம் பாயிடம் புதுப் பிரதியைக் கொடுத்தேன். குரல் திரும்பியிருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "நீங்க சொல்லுங்க."

"எனக்கு வராது பாய். மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். நான் வாயத் தொறந்தா அவரு கதைய கேக்க மாட்டாரு, என்னத்தான் கேப்பாரு. ஏமாந்துடுவாரு."

இயக்குநர் வந்தார். சின்ன வயது, களைத்த முகம், செருப்பில் செம்மண். மாஸ்டர் பலகையைத் துடைத்து வைத்திருந்தார். பாய் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சார் யாரு?" என்று இயக்குநர் கேட்டபோது கைகூப்பினாரே தவிர வாய் திறக்கவில்லை. "எங்க நண்பர், எழுதறவர்," என்றேன். அது பாய்க்குப் பிடித்திருக்க வேண்டும், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நான் சொன்னேன். மூச்சு வாங்கியது. நடந்துகொண்டே சொன்னேன், பெஞ்சுகளுக்கு நடுவே. மொட்டைமாடியில் இயக்குநர் சிரித்தார். இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் போனைப் பார்த்தார். தொன்னைக் காட்சியில் போனைக் கவிழ்த்து வைத்தார். முடித்தேன்.

"நல்லாருக்கு மேடம்," என்றார். "நான் அடுத்த படம் ஒண்ணு ஒத்துக்கிட்டேன், அதனால எடுக்கறேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணு கேக்கலாமா? பையன் கெடைக்கிறானா, இல்லையா? மலைமேல தீபத்த ஏத்தி முடிச்சிட்டீங்க. தீபம் வருஷா வருஷம்தான் ஏத்தறாங்க. அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு? அத எழுதிட்டு எனக்கு அனுப்புங்க. நான் படிப்பேன்."

சொல்லிவிட்டுத் தன் போன் நம்பரை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்பும் வரை மாடியில் நின்று பார்த்தோம். எனக்கு ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்று வருடம் அழுதோமே, ஒருவரும் இதைக் கேட்கவில்லையே என்று சிரிப்புதான் வந்தது. கேள்வி கேட்கும் அளவுக்கு ஒருவர் கதைக்குள்ளே வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கெடைக்காம இன்னா, கெடைப்பான்," என்றார் பாய் திடீரென்று. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கெடைக்க மாட்டான்," என்றார் மாஸ்டர். "எதிர்லயே ஒக்காந்திருப்பான். அம்மாவ பாத்ததும் தலைய குனிஞ்சுக்குவான். அந்தம்மா தாண்டிப் போயிடும்."

"பெத்தவளுக்கு உச்சந்தல போதும் மாஸ்டர். அதுலயே கண்டுபுடிச்சிடுவா."

"கண்டுபுடிச்சிட்டு, தெரியாத மாதிரி போனா?"

"எதுக்குப் போவணும்? அவ்ளோ தூரம் வந்தவ எதுக்குப் போவணும்ன்றேன்!" பாயின் குரல் கிறீச்சிட்டது. விளம்பரத்தில் வருகிற குரலில்லை, பக்கத்து வீட்டுச் சண்டையில் புகுந்தவரின் குரல். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், வெள்ளைச் சட்டை கசங்கிப் போயிற்று. "கணக்கு போடற மாதிரி போடாதீங்க மாஸ்டர், அது மனுஷி."

விதிப்படி நான் வாயைத் திறக்காமல் நின்றேன். இருவரும் விடவில்லை. கடைசியில் பாய் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அவ எந்த ஊரு? அத சொல்லுங்க மொதல்ல. பஸ்ஸுலேந்து எறங்கறா எறங்கறான்றீங்க, எங்கேந்து வர்றா? வீட்ல யாரு இருக்காங்க? அது தெரிஞ்சா, திரும்பிப் போவாளா மாட்டாளானு நானே சொல்றேன்."

யோசித்துப் பார்த்தேன். எழுதியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தெரியல பாய்," என்றேன்.

"தெரியாதா?" என்று அவர் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் என்னைப் பார்த்தார். பாய் கடைசிப் பெஞ்சை முன்னால் இழுத்துப்போட்டார்.

"அப்ப ஒக்காருங்க."